ரேடியோச் சட்டையில் ஒரு நண்டு

கடலுக்கு அக்கரை மூதூரில் இருந்து லாஞ்சியில் வந்து இறங்கிய அந்தப் பெண் கையில் வைத்திருந்தது கைப்பிள்ளை என்றுதான் முதலில் நினைத்தேன். வெள்ளைப் படுக்கை விரிப்பால் சுற்றி, தோளில் சாய்த்து, ஒரு கையால் அடியைத் தாங்கிக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்குள் நடந்து வந்தார். வெயில் படாமல் முக்காட்டின் ஓரத்தையும் இழுத்து அதன்மேல் போட்டிருந்தார்.

"இதுதானே சட்டை தைக்கிற அக்காட ஊடு?"

நான் வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால் நின்றேன். என் கணவர்தான் பதில் சொன்னார்.

"ஓம், வாங்கோ தங்கச்சி. பிள்ளைக்கு எத்தினை மாசம்?"

அந்தப் பெண் விரிப்பை மெல்ல விலக்கினார். உள்ளே இருந்தது ஒரு பெரிய கசெற் ரேடியோ. இரண்டு பக்கமும் தோசைக்கல் அளவில் வட்டங்கள், நடுவில் கசெற் போடும் வாய், அதற்கு மேலே வெள்ளி நிறத்தில் கொம்பனிப் பெயர்.

"குவைத்தில இருந்து கொண்டு வந்தது. கடல் தண்ணி தெறிச்சிருமோ எண்டு வழி முழுக்க ஓதிக்கொண்டு வந்தன்."

என் கணவருக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று அவருக்கு லீவு.

அதற்குப் பிறகு நான் வெளியே வந்தேதான் ஆகவேண்டும். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வந்து ரேடியோவின் முன்னால் குந்தினேன். தோள் எவ்வளவு, உயரம் எவ்வளவு, இடுப்பு எவ்வளவு என்று அளந்தேன். அந்தப் பெண் ரேடியோவை இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார், அது நெளியும் என்பதைப் போல.

"அக்கா, ஒண்டே ஒண்டு மட்டும். பேர் தெரியோணும்."

"தெரியும். யன்னல் வைப்பன்" என்றேன்.

காலரும் பொக்கெற்றும்

போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியதை வாசித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: இவ்வளவு கூச்சம் உள்ள நீங்கள் எப்படி ஒரு தொழில் செய்தீர்கள் என்று. நியாயமான கேள்வி. அதற்குத்தான் இந்தக் கிழமைக் கதை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடும்போது "ஓம் ரீச்சர்" என்று சொல்ல வாய் வராது. கையை மட்டும் உயர்த்துவேன். ரீச்சர் காணாவிட்டால் அன்றைக்கு நான் வரவில்லை என்றுதான் பதிவு. அப்படிப் பார்த்தால் ஐந்து வகுப்பையும் பாதிக்கு மேல் வராமலே படித்து முடித்தவள் நான்.

கலியாணம் முடித்து உள்துறைமுகத்துக்குப் பக்கத்து ஒழுங்கைக்கு வந்தேன். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. பெரிய கப்பல்களைக் கட்டி இழுக்கும் சின்னப் படகில் இருந்தார். சத்தம் போட்டுக் கதைத்துப் பழகிய மனிதர், கதைக்கிற அலுவல்களை எல்லாம் அவரே பார்த்துக்கொண்டார். நான் தையல் மெசினோடு உள்ளே இருந்தேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சட்டை தைப்பேன். பிள்ளைகளோடு எனக்குக் கூச்சம் இல்லை.

அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டில், தபால் கந்தோரில் வேலை செய்த ஒருவர், ஒழுங்கைக்கே முதல் ரேடியோவை வாங்கினார். எங்கள் ஊர்க் காற்று உப்புக் காற்று. இன்றைக்கு வாங்கின ஆணி வருகிற மாரிக்குள் கறள் பிடித்துவிடும். அவருடைய மனைவி பயந்துபோய் என்னிடம் வந்தார்.

"பிள்ளை, இதுக்கு ஏதாவது ஒரு உறை தைச்சுத் தாரும்."

எனக்கு உறை தைக்கத் தெரியாது. சின்னப் பிள்ளைச் சட்டைதான் தெரியும். அதையே தைத்தேன். காலர் வைத்தேன், கீழே சுருக்கு வைத்தேன், நெஞ்சில் பொத்தான், பக்கத்தில் ஒரு சின்னப் பொக்கெற். செய்தி கேட்க வேண்டுமென்றால் நெஞ்சுப் பொத்தானைக் கழற்ற வேண்டும்.

அந்த மனுசி பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயோ, இனித் தலை இழுத்துப் பவுடர் பூசுறதுதான் பாக்கி!"

சிரித்தாரே தவிரக் கழற்றவில்லை. பொக்கெற்றுக்குள் அவருடைய கணவர் பீடி வைக்கத் தொடங்கினார். அடுத்த ரேடியோ ஒழுங்கைக்கு வந்தபோது அதையும் என்னிடம்தான் கொண்டு வந்தார்கள். காலர் இல்லாமல் வாங்க மாட்டோம் என்றார்கள்.

பிறகு சாமான் தட்டுப்பாடு வந்தது. பாணுக்கு வரிசை, துணிக்கு வரிசை. புது ரேடியோ என்ற பேச்சே இல்லை. அதனாலேயே இருந்த ரேடியோவின் மேல் சனத்துக்கு அன்பு கூடியது. பழைய சேலைத் தலைப்பு, மாச் சாக்கு, கிழிந்த குடைத் துணி என்று எது கிடைத்தாலும் கொண்டு வருவார்கள். பொங்கலுக்குப் பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை இல்லாத வீட்டிலும் ரேடியோவுக்கு ஒன்று இருந்தது.

என்னை எல்லாரும் சட்டைக்கார அக்கா என்று கூப்பிட்டார்கள். அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. பெயர் சொல்லும் வேலை இல்லாமல் போயிற்று.

யன்னல்

அரசாங்கம் மாறியது. திடீரென்று கடைகள் நிரம்பின. கசெற் ரேடியோ, மின்விசிறி, பிரிட்ஜ், பிறகு ரீ.வி. வெளிநாட்டுக்குப் போனவர்கள் பெரிய பெரிய பெட்டிகளோடு திரும்பி வந்தார்கள். பொருள் வந்த பிறகு பெட்டியையும் எறிய மாட்டார்கள். அலுமாரிக்கு மேலே, படம் தெரிகிற பக்கத்தை வெளியே திருப்பி வைப்பார்கள்.

கிளிவெட்டிப் பக்கம் ஒரு வீட்டில் பிரிட்ஜுக்கு அளவெடுக்கப் போனேன். விறாந்தையிலேயே நின்றது, வருகிறவர்கள் காணத்தக்கதாக. அந்தப் பக்கம் அப்போது கரண்ட் வரவில்லை. கதவைத் திறந்து பார்த்தேன், உள்ளே தட்டுத் தட்டாக விதை நெல்.

"எலி போகாது, அக்கா" என்றார் வீட்டுக்காரர். "சொன்னா நம்ப மாட்டீங்கள், இந்த முறை ஒரு மணி பழுதாகேல்ல."

நம்பினேன். அந்தப் பிரிட்ஜால் உண்மையாகவே பயன்பெற்ற வீடு அந்த வட்டாரத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

இந்தப் புதுச் சாமான்களோடு ஒரு புதுப் பிரச்சினை வந்தது. சட்டை போட்டால் கொம்பனிப் பெயர் மறைகிறது. பெயர் தெரியாவிட்டால் வாங்கி என்ன பயன்? சட்டை போடாவிட்டால் கறள் பிடிக்கிறது. சனம் தவித்துப் போயிற்று. அதற்குத்தான் நான் யன்னல் கண்டுபிடித்தேன். பெயர் இருக்கிற இடத்தில் மட்டும் நீளமாக ஒரு துண்டை வெட்டி, சுற்றிவர நூலால் கட்டிவிடுவேன். சட்டைக்குள் இருந்து கொம்பனிப் பெயர் எட்டிப் பார்க்கும்.

அதுவும் போதவில்லை. "யன்னல் சின்னனாக் கிடக்கு. பெயரை மேலாலயும் தையுங்கோ, பெரிசா" என்றார்கள். எனக்கு இங்கிலீசு தெரியாது. எழுத்துகளைப் படம் போலப் பார்த்துத் தைத்தேன். ஒன்று ஏணி மாதிரி இருக்கும், ஒன்று பாதி வெட்டிய வட்டம், ஒன்று கவிழ்த்து வைத்த கதிரை. பட்டு நூலில், பொன் நிறத்தில், வருசக் கணக்காக எத்தனை கொம்பனிகளின் பெயரைத் தைத்தேனோ தெரியாது.

கை நன்றாக ஓடியது. ஆனால் மெசினை மூடும்போது மனது ஒரு மாதிரி இருக்கும். நான் தைத்த அத்தனையிலும் என்னுடையது என்று சொல்ல ஒரு நூல்கூட இல்லையே என்று. அதை யாரிடம் சொல்வது? ஒரு நாள் கணவரிடம் சொன்னேன்.

"இஞ்சரும், கொம்பனிக்காரன் கேள்விப்பட்டா உமக்குச் சம்பளம் தருவான். இவ்வளவு விளம்பரம் ஆர் செய்வினம்?" என்றார்.

குவைத்தில் வைத்த பெயர்

மூதூரில் இருந்து வந்த பெண்ணிடம் திரும்புகிறேன். அவர் பெயர் சபுறா. என்னைவிட நாலைந்து வயது இளையவர். பின்னேர லாஞ்சிக்கு நேரம் இருந்தபடியால் தேத்தண்ணி கொடுத்து இருக்கச் சொன்னேன். அவர் கதைக்கக் கதைக்க எனக்குப் பதில் சொல்லும் வேலையே இருக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

"மகளுக்கு மாப்பிள்ள பாக்க வருவாங்க, அக்கா. இந்த ரேடியோவ நடு ஊட்டில வைக்கோணும். நல்ல சாமான் எண்டு தெரியாட்டி, உள்ளூர்ச் சாமான் எண்டு சொல்லிருவாங்க. ரெண்டு வருசம் மூதூரைப் பாக்காம இருந்து வாங்கினது."

"அங்க கஷ்டமோ?"

"வேலை கஷ்டமில்ல. மேரி எண்டு கூப்பிட்டதுதான்."

"மேரியோ?"

"எனக்கு முந்தி அந்த ஊட்டில வேலை செஞ்ச புள்ளைக்குப் பேர் மேரியாம். அந்தப் பேர் அவங்கட வாயில பழகிட்டு. நான் போன அண்டைக்கே, 'சபுறா' எண்டு நெஞ்சில கை வச்சுச் சொன்னன். 'ஓம், மேரி' எண்டாங்க. மறுகா அந்தப் புள்ளட செருப்பு, அந்தப் புள்ளட கோப்பை, அந்தப் புள்ளட பேர். ரெண்டு வருசமா அல்லாஹ்வத் தவிர என்னைச் சபுறா எண்டு ஒருத்தரும் கூப்பிடல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். "திரும்பி வந்து லாஞ்சியால இறங்கக்குள்ள மகள் 'உம்மா' எண்டு கத்துறா. நான் ஆரையோ எண்டு திரும்பிப் பாக்கிறன்!"

ரேடியோவை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, அதைப் பலமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

அடுத்த நாள் நீலத் துணியை வெட்டினேன். அதன்மேல் சபுறா தாண்டி வந்த கொட்டியாரக் குடாக் கடலைத் தைக்கத் தொடங்கினேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கை தொடங்கிவிட்டது. குட்டி அலைகள், நடுவில் ஒரு லாஞ்சி, லாஞ்சிக்குள் முக்காடு போட்ட ஒரு பெண், மடியில் பெட்டி. அக்கரையில் தென்னைகள்.

பிறகுதான் கண்டேன். யன்னல் வெட்ட வேண்டிய இடத்தில் சரியாக லாஞ்சி வந்து நிற்கிறது.

கத்தரிக்கோலை எடுத்தேன். வெட்டினால் லாஞ்சியும் போகும், மனுசியும் போவா. திரும்பவும் வைத்தேன். குசினிக்குப் போய் மீன் வெட்டினேன். வந்து மறுபடியும் கத்தரிக்கோலை எடுத்தேன். வெட்ட மனம் வரவில்லை. கடைசியில் அலைகளுக்குக் கீழே, பொன் நூலில், கொம்பனிப் பெயர் தைக்கிற அதே பெரிய அளவில், "சபுறா" என்று தமிழில் தைத்தேன். தமிழ் எழுத்தென்றபடியால் இந்த முறை நான் தைக்கிறது இன்னது என்று எனக்கு விளங்கியது.

தைத்து முடிந்த பிறகுதான் பயம் பிடித்தது. வேறு துணியும் இல்லை.

"பேர் எங்க?"

சபுறா வந்தார். ரேடியோவைச் சட்டையோடு தூக்கி வந்து கதிரையில் வைத்தேன். அவர் கதிரையைச் சுற்றிவந்து பார்த்தார்.

"பேர் எங்க, அக்கா?"

"இருக்கு."

"கொம்பனிப் பேர்?"

"உள்ளுக்கு... உள்ளுக்குக் கிடக்கு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் குனிந்து, எழுத்தின்மேல் விரலை வைத்து, ஒன்று ஒன்றாகக் கூட்டி வாசித்தார். அவரும் அதிகம் படித்தவர் அல்ல. ச, பு, றா. பிறகு லாஞ்சிக்குள் இருந்த பெண்ணைத் தொட்டார்.

"இது நானா? இவ்வளவு மெலிவா?"

"நூல் கட்டையாப் போச்சுது."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கலைந்தன. "மாப்பிள்ள ஊட்டார் என்ன சொல்லுவாங்களோ தெரியா. சொன்னாச் சொல்லட்டும்" என்று ரேடியோவைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனார். இந்த முறை விரிப்பால் மூடவில்லை.

எனக்கு நெஞ்சு ஆறவில்லை. என் நூல் வேலையால் அந்தப் பிள்ளையின் கலியாணம் குழம்பினால்? இரண்டு கிழமை நான் லாஞ்சித் துறைப் பக்கமே போகவில்லை.

இரண்டு கிழமை கழித்து சபுறா ஒழுங்கை முனையிலேயே கத்திக்கொண்டு வந்தார். "அக்கோய்! சரி வந்திட்டு!"

மாப்பிள்ளையின் உம்மா ரேடியோவைப் பார்க்கவே இல்லையாம். சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "இது ஆரு, சபுறாவா? இது நம்மட லாஞ்சியா?" என்று கேட்டுவிட்டு, வாசலில் நின்ற மற்றப் பெண்களையும் கூப்பிட்டுக் காட்டினாராம். போகும்போது காதோடு சொன்னாராம், "எனக்கும் ஒண்டு தைக்கச் சொல்லு. என்ட பேரைப் போட்டு."

எல்லாருக்கும் பேர்

பிறகு ஒரு காலை லாஞ்சியில் இருந்து வரிசையாகப் பெண்கள் இறங்கி வந்தார்கள். ஒவ்வொருவர் தோளிலும் ஒவ்வொரு ரேடியோ. என் கணவர் வாசலில் நின்று, "என்னப்பா இது, தடுப்பூசி போடுற நாளோ?" என்றார்.

எல்லாருக்கும் அவரவர் பெயர் வேண்டும். பெயரோடு படமும் வேண்டும். நான் ஒன்றும் கேட்க மாட்டேன். தேத்தண்ணி கொடுத்து இருத்திவிடுவேன். அவர்கள் கதைப்பார்கள், நான் கேட்டுக்கொண்டு துணி வெட்டுவேன். ஆட்டுக்குட்டியை வெள்ளத்தில் பறிகொடுத்தவருக்கு ஆட்டுக்குட்டி தைத்தேன். சின்ன வயதில் வெருகல் கோயில் தேருக்குப் போய்க் காணாமல் போய்த் திரும்பக் கிடைத்த, சல்லி ஊர்ப் பெண் ஒருவருக்குத் தேரும், அதன் பின்னால் அழுதுகொண்டு நிற்கிற ஒரு சின்னப் பிள்ளையும். அந்தப் பெண்ணுக்கு அப்போதே ஐம்பது வயது இருக்கும். பார்த்துவிட்டு மூக்கைச் சிந்தினார்.

எல்லாரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஒருவர் வந்து, தம்பியின் ரேடியோவில் தம்பியின் பெயர் எவ்வளவு பெரிது என்று நூலால் அளந்து கொண்டு வந்திருந்தார். தன்னுடையது அதைவிட இரண்டு விரல் கூட இருக்க வேண்டுமாம். படம் என்ன வேண்டும் என்று கேட்டேன். "படம் வேண்டாம், இடம் காணாது" என்றார்.

ஒரு நாள் சபுறா சொன்னார், "எல்லார்ட பேரையும் தைக்கிறீங்க. உங்கட பேர் எங்க, அக்கா? பேர் என்னெண்டாவது சொல்லுங்க."

"சட்டைக்கார அக்கா எண்டே கூப்பிடுங்கோ" என்றேன்.

"அது பேரா? மேரி மாதிரித்தான் அதும்."

அந்தச் சொல் எனக்குள் போய் இருந்துகொண்டது. ஆனாலும் என் பெயரைப் பொன் நூலில் தைத்து ஊரார் வீட்டு நடு விறாந்தையில் வைக்க என்னால் ஏலாது. நினைத்தாலே காது சுடும். அதோடு என் பெயர் நீளம். சட்டை மூலையில் சின்னதாகத் தைக்கவும் அடங்காது.

அதனால் அடுத்த சட்டையின் கீழ் மூலையில், ஒரு பெருவிரல் அகலத்தில், ஒரு நண்டைத் தைத்தேன். ஆள் கிட்ட வந்தால் பொந்துக்குள் ஓடுகிற சாதி. எனக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. கொடுக்கு இரண்டும் வைத்து, கால் வைக்கும்போது இடம் முடிந்துவிட்டது. பக்கத்துக்கு மூன்று காலோடு விட்டுவிட்டேன்.

கணவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "நண்டுக்கு எட்டுக் கால் எல்லோ? மற்ற ரெண்டையும் சூப்பிப் போட்டீரோ?"

கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள் நண்டின் காலைப் பிழையாகத் தைத்தது வெட்கம்தான். ஆனால் முதல் நண்டு அப்படிப் போய்விட்டது. இரண்டாவதையும் அப்படியே தைத்தேன். பிறகு என் நண்டுக்கு ஆறு கால்தான் என்று ஆகிவிட்டது.

ஆறு காலும் எட்டுக் காலும்

நண்டைச் சனம் கண்டுபிடிக்க அதிக காலம் எடுக்கவில்லை. "நண்டு இருக்கோ?" என்று கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். நண்டு உள்ள சட்டைக்கும் இல்லாத சட்டைக்கும் இடையில் ஒரு மரியாதை வித்தியாசம் வந்தது. முதல் தைத்துக்கொண்டு போன பெண்களில் இருவர், "எங்களுக்கு நண்டு போடேல்ல" என்று கோபித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம்தான். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே ஊருக்குள் போய்வருகிற மாதிரி இருந்தது.

அப்போதுதான் பஜாரில் ஒரு கடையில் ஆயத்தச் சட்டைகள் வந்தன. வழுவழுப்பான துணி, மெசின் வேலை, ரேடியோவுக்கு, ரீ.வி.க்கு, எல்லாவற்றுக்கும் அளவு அளவாக. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு நண்டு.

கணவர்தான் சைக்கிளில் வந்து சொன்னார். "கவலைப்படாதையும். அவன்ர நண்டுக்கு எட்டுக் கால். ஒரு சனமும் வாங்குதில்லை. போலி நண்டாம்!"

உண்மைதான். வாங்கப் போனவர்கள் காலை எண்ணிப் பார்த்துவிட்டு, "இது ஒரிஜினல் இல்லை" என்று திருப்பிக் கொடுத்தார்களாம். சரியான நண்டு போலியாகவும் என் நொண்டி நண்டு ஒரிஜினலாகவும் ஆன கதை எங்கள் ஒழுங்கைக்கு ஒரு கிழமைச் சிரிப்புக்குக் காணும். அடுத்த கிழமை அந்தக் கடைக்காரர் தன் நண்டுகளுக்கும் காலைக் குறைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பிள்ளை வந்து, "கடையில மலிவா நண்டு கிடக்கு அக்கா, நீங்கள் ஏன் கூடக் காசு எடுக்கிறீங்கள்?" என்று கேட்டது. என்னுடையது என்று இருந்த ஒரே ஒரு நூலும் ஊசியோடு போய்விட்டதைப் போல இருந்தது. இரண்டு நாள் மெசினைத் திறக்கவில்லை.

சபுறா கேள்விப்பட்டு லாஞ்சி ஏறி வந்தார். "வாங்க, போய்ப் பாப்பம்."

"நான் என்னெண்டு கடைக்காரரோட கதைக்கிறது? எனக்கு ஏலாது."

"நீங்க கதைக்க வேணாம். சும்மா நில்லுங்க. நான் கதைக்கிறன்."

செத்த வீடு

கடையில் நல்ல சனம். சட்டைகள் கம்பியில் வரிசையாகத் தொங்கின. முதலாளி நல்ல கொழுத்த மனிதர், அத்தர் வாசம், சிரித்த முகம். சபுறா ஒரு சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். நான் அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"நல்ல சாமான், எடுங்கோ தங்கச்சி" என்றார் முதலாளி. "ஒரிஜினல் நண்டு. காலை எண்ணிப் பாருங்கோ."

"இதத் தைக்கிறது ஆரு?"

"அது ஒரு வயசான மனுசி. உள்துறைமுகப் பக்கம். பாவம், செத்துப்போச்சுது. இனி அந்த நண்டு ஒருதரிட்டயும் இல்லை. கடைசியாத் தைச்சதெல்லாம் எங்களிட்டத்தான் கிடக்கு."

சபுறாவின் தோள் குலுங்கத் தொடங்கியது. அவர் அழுகிறார் என்று முதலாளி நினைத்தார். குரலைத் தாழ்த்தி இரக்கத்தோடு சொன்னார்:

"தெரிஞ்ச ஆளோ? நல்ல மனுசி. ஒரு சொல்லு அதிகம் கதைக்காது. நானும் செத்த வீட்டுக்குப் போனனான்."

எனக்கு என்ன வந்ததென்று இன்றுவரை தெரியாது. சபுறாவின் முதுகை விட்டு ஒரு அடி பக்கத்தில் வந்து நின்றேன்.

"நீங்கள் வந்ததை நான் காணேல்லையே, முதலாளி" என்றேன்.

அவர் விளங்காமல் என்னைப் பார்த்தார். கடையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"என்ர பேர் மங்கையற்கரசி. நண்டு என்ரது. நான் இன்னும் சாகேல்ல."

முதலாளி என்னையும் கம்பியில் தொங்கிய நண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கடை முழுக்கச் சிரிப்பு. துணி மடித்துக்கொண்டிருந்தவர் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். சாமான் வாங்க வந்த ஒரு வயதானவர், "முதலாளி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் சொல்லி அனுப்புங்கோ, நாங்களும் வாறம்" என்றார். முதலாளியும் நல்ல மனிதர்தான். முகம் சிவந்து, பிறகு தானும் சிரித்து, எனக்குக் கதிரை போட்டுக் குளிர்ச் சோடா வரவழைத்தார். அவருடைய கடைப் பிரிட்ஜில் சோடாதான் இருந்தது, விதை நெல் இல்லை.

"அக்கா, பிழைதான். இப்பிடிச் செய்வம். பெட்டையள் மெசினில தைப்பினம். நீங்கள் நண்டை மட்டும் கீறித் தாங்கோ. உங்கட பேரையே லேபலில அச்சடிச்சு எல்லாச் சட்டையிலும் ஒட்டுவம். மங்கையற்கரசி மார்க்! கொழும்பு வரைக்கும் போகும்."

என் பெயரை அவர் அப்படி உரக்கச் சொன்னபோது இனிப்பாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. லேபலில் அச்சடித்த என் பெயரை மனதில் பார்த்தேன். பிறகு அந்தக் கம்பியைப் பார்த்தேன். ஒரே நீலம், ஒரே பூ, ஒரே அளவு. எந்தச் சட்டைக்குள்ளும் ஒருவரும் இல்லை. அதில் என் பெயரை ஒட்டினால், குவைத்தில் சபுறாவுக்கு வைத்த பெயரைப் போலத்தான் அதுவும் இருக்கும்.

"வேண்டாம் முதலாளி. நண்டை நீங்களே வைச்சிருங்கோ" என்றேன். "அந்த மனுசி செத்தது செத்ததாவே இருக்கட்டும்."

வெளியே வந்தோம். சபுறா என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்று, "மங்கையற்கரசி அக்கா, மங்கையற்கரசி அக்கா" என்று நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தார். "சரியான நீளம். பரவாயில்ல, பழகிரும்."

அதற்குப் பிறகு நான் நண்டு தைக்கவில்லை. கடை நண்டு கொஞ்சக் காலம் நன்றாக விற்றது. பிறகு சனம் அதையும் மறந்து, கண்ணாடித் தாள் உறைக்குப் போனது. என்னிடம் வருகிறவர்கள் குறைந்தார்கள், ஆனால் வந்தவர்கள் இருந்து கதைக்க வந்தார்கள். படலையில் நின்று என் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். சில நாள் நானே போய்ப் படலையைத் திறந்தேன். கணவருக்கு அது பெரிய அதிசயம்.

சபுறாவின் மகளுக்குப் பிள்ளை பிறந்த காலத்தில் அவர்களுடைய வீட்டுக்கு ஒரு ரீ.வி. வந்தது. அதை லாஞ்சியில் தோளில் போட்டுக்கொண்டு வர ஏலாது. அளவை ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டு சபுறா மட்டும் வந்தார். நான் துணியை விரித்தேன்.

"இந்த முறை என்ன படம் போடுவீங்க?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன். "இருந்து கதையுங்கோ."